பெயரேடும் திருச்சபையும்

அமெரிக்கச் சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் 1984-ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுக் கட்டுரையொன்று மார்மன் சபையின் எதிர்காலத்தைக் கணித்துக் கூறியது. அச்சபை பத்தாண்டுக்கு 30 விழுக்காடு வளருமாயின் 2080-இல் அதன் உறுப்பினர் 6 கோடியைக் கடப்பர். 50 விழுக்காடு வளருமாயின் 26 கோடியைக் கடப்பர். இசுலாமுக்குப் பின் எழும் புதிய உலகச் சமயம் இதுவே என்பது அவரது முடிபு. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இக்கணிப்பை எடைபோட்டுப் பார்க்க விழைகின்றோம்.

பிறர் இகழ்ந்தொதுக்கிய ஓர் இயக்கத்தை ஸ்டார்க் பொறுப்புடன் ஆராய்ந்தது பாராட்டுக்குரியது. 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய இச்சபை, 1844-இல் அவர் கொலையுண்ட பின்னும் அழியவில்லை. பிரிகாம் யங்கின் தலைமையில் பெரும்பகுதியினர் 1847 முதல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினர். இன்று அச்சபையின் இளைஞர் இரண்டு ஆண்டுகளும், இளம்பெண்கள் பதினெட்டு மாதங்களும், சொந்தச் செலவிலோ குடும்பத்தார் துணையாலோ, இருவர் இருவராய் அருட்பணி ஆற்றுகின்றனர். உள்ளூர்ச் சபையின் ஆயரும் ஊதியம் பெறுவதில்லை. நற்செய்தி அறிவிப்பதை ஊதியம் பெறும் சிலரின் கடமையாக்கிவிட்ட நம்மை இது நாணச் செய்கிறது. திரித்துவம் பற்றிய அவர்களது போதனை நம் விசுவாசப் பிரமாணத்தோடு ஒவ்வாதது என்பதால் இவ்வுண்மையை மறைத்தல் நேர்மையன்று.

எனினும் கணிப்பின் அடித்தளம் உறுதியானதன்று. 1980-களில் வளர்ச்சி அவர் கூறிய மேல்வரம்பையும் விஞ்சியது மெய்யே. ஆனால் 2010-க்கும் 2020-க்கும் இடையில் அது 20 விழுக்காட்டையும் எட்டவில்லை. இதனினும் முதன்மையான குறை, சபையின் பெயரேட்டையே அவர் அளவுகோலாகக் கொண்டதாகும். பிரேசில் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் சபையின் கணக்குப்படி உறுப்பினர் 7 லட்சத்திற்கும் மேற்பட்டோர். அவ்வாண்டின் அரசுக் கணக்கெடுப்பில் தம்மை மார்மன் என்று கூறியவரோ ஏறத்தாழ 2 லட்சம் பேரே. எஞ்சியோர் எங்கே?

விடை அருட்பணி அமைப்பிலேயே உள்ளது. திருமுழுக்கு அளிக்கும் இளம் ஊழியர் சில மாதங்களில் வேறிடம் மாற்றப்படுகின்றனர். புதியவரைப் பேணும் பொறுப்பு இளம் சபைகளின் மீது விழுகின்றது. வருகை நின்றாலும் பெயர் ஏட்டில் நிற்கின்றது. சபையும் இதனை உணராமலில்லை. 2002-இல் அப்போஸ்தலர் ஜெஃப்ரி ஹாலண்ட் சிலி நாட்டிற்கு அனுப்பப்பட்டு ஈராண்டுகள் அங்கேயே தங்கிப் பணியாற்றினார். அளவுக்கு மீறிப் பெருகியிருந்த வட்டாரங்கள் பல ஒன்றாக இணைக்கப்பட்டன.

ஆகவே ஸ்டார்க்கின் பிழை கணக்கில் நேர்ந்ததன்று. எதை எண்ணுவது என்பதில் நேர்ந்தது. சபையில் சேர்ந்தோரை எண்ணினார். சபையில் நிலைத்தோரை எண்ணவில்லை. இக்குற்றத்தை மார்மன் சபையின் மீது மட்டும் சுமத்த நமக்கு உரிமையில்லை. ஆண்டறிக்கைக்கென நம் சபைகளின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டும்போது, அதிலுள்ள எத்தனை பெயர்களுக்குரிய முகங்களைத் திருவிருந்துப் பந்தியில் காண்கின்றோம்? பவுல் நட்டான், அப்பொல்லோ நீர் பாய்ச்சினான். நட்டதை மட்டும் எண்ணி விளைச்சல் என்று எழுதிவைப்பவர், நீர் பாய்ச்சும் பணியை யாரிடம் ஒப்படைத்தோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.