வெகுளிச் சுவையும் வேற்றுமொழியும்: 'ருத்ரா'வின் முதல் இசைத்தொகுப்பு

சிராங்கூன் சாலையின் இசைத்தட்டுக் கடைகளிலிருந்து பல்லாண்டுகளாகத் தெருவில் வழிந்தவை திரைப்பாடலும் பக்திப்பாடலுமே. சிங்கப்பூர்த் தமிழரின் இசை யாது என்று வினவுவோர்க்கு அவ்விரண்டையும் சுட்டுவதே வழக்கமாயிற்று. 1998ஆம் ஆண்டில் வெளிவந்த 'ருத்ரா' என்னும் இசைத்தொகுப்போ இவ்விரண்டனுள் எதனிலும் அடங்காதது. தென்னிந்திய வழிவந்த இளைஞர் சிலர் 1992இல் தொடங்கிய குழுவின் முதல் தொகுப்பு அது. குழுவின் பெயரே தொகுப்பின் பெயருமாயிற்று. இதனை முதன்முறை கேட்கும் தமிழ்ப் பெரியவர், 'வெறுங்கூச்சல்' என்று தீர்ப்பளித்து எழுந்துவிடக்கூடும். அத்தீர்ப்பு முற்றும் பிழையன்று, முழுமையானதும் அன்று.

இக்குழு மேற்கொண்ட இசைவகை 'டெத் மெட்டல்' எனப்படுவது. ராக் இசையின் வன்மை மிக்க கிளையாகிய ஹெவி மெட்டலிலிருந்து 1980களில் அமெரிக்காவில் கிளைத்தது. இதில் மின்கிட்டாரின் சுருதி தாழ்த்தப்பட்டு, நாதம் வேண்டுமென்றே கரகரப்பாக்கப்படும். இரு கால்களாலும் மிதித்து முழக்கும் பெருமுரசு இடைவிடாது அதிரும். பாடகர் இசைத்துப் பாடார், அடித்தொண்டையிலிருந்து உறுமுவார். இத்தகைய இசைக்கு இடந்தந்த அரங்குகள் அன்று சிங்கப்பூரில் மிகச் சில. நாடக ஆசிரியர் குவோ பாவ் குன் 1990இல் ஆர்மீனியன் தெருவில் தொடங்கிய சப்ஸ்டேஷன் அவற்றுள் குறிக்கத்தக்கதாயிருந்தது. 'தி ஆட்ஃபெல்லோஸ்' குழுவினரின் 'டீனேஜ் ஹெட்' 1991இல் வெளிவந்து, உள்ளூர் மாற்று ராக் இசைக்கும் கேட்போர் உளர் என்பதை உணர்த்தியிருந்தது. அச்சூழலில் முளைத்ததே ருத்ரா. 1994இல் ஒரு முன்னோட்ட ஒலிநாடா; முழுத்தொகுப்புக்கு மேலும் நான்காண்டு காத்திருப்பு.

மேலைநாட்டு மெட்டல் குழுக்களிற் பல சாத்தானைப் பாடின. வட ஐரோப்பியர் சிலர் தம் பழந்தெய்வங்களைப் பாடினர். பேஸ் கிட்டார் இசைத்துக் குரலும் கொடுக்கும் கதிராசனும் முரசு முழக்கும் சிவாவும் அவர்தம் தோழரும் வேதத்தையும் வேதாந்தத்தையும் நாடினர். தம் இசைக்கு 'வேதிக் மெட்டல்' என்று பெயரும் சூட்டினர். பெயர்ப் பொருத்தம் போலி அன்று. யசுர்வேதத்துத் திருவுருத்திரம் இறைவனின் சினத்துக்கு வணக்கம் கூறியே தொடங்குவது. தொல்காப்பியரும் எண்வகை மெய்ப்பாட்டினுள் வெகுளிக்கு இடம் வகுத்தார். ஆனால் சிங்கப்பூர்த் தமிழ்க் கலைமேடையில் உவகைக்கும் அழுகைக்கும் கிடைத்த இருக்கை வெகுளிக்குக் கிடைத்ததில்லை. வீரமாகாளியம்மனின் உக்கிர வடிவின்முன் கைகூப்பி நிற்பவரே, அவ்வுக்கிரம் இசையில் தோன்றினால் செவியைப் பொத்துகின்றார்! இத்தொகுப்பின் முதற்சிறப்பு, வெகுளியை நாணமின்றி வெகுளியாகவே ஒலித்தமை.

முரசைப் பற்றி இங்கு ஒன்று கூறவேண்டும். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவி முழக்கம் 1973இல் தடைசெய்யப்பட்டது. 2016இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு இசைவு கிட்டிற்று. உருமிமேளம் அவ்வூர்வலத்தில் அடங்கியிருந்த அவ்விடைக்காலத்தில்தான் இவ்விளைஞர் தம் முரசுகளை அதிரவைத்தனர். ஒன்றுக்கு மற்றொன்று காரணம் எனல் பொருந்தாது. எனினும், இப்பெருமுரசின் விரைந்த அதிர்வில் உருமியை நினைவுகூரும் தமிழ்ச்செவியைக் குறைகூறவும் இயலாது.

குறைகளும் உள. உறுமல் ஒன்றே குரல்நெறியாக அமைந்தமையால் சொற்கள் தெளிவாக விளங்குவதில்லை. ஆன்மாவைப் பற்றிய சிந்தனையும் போர்முழக்கமும் ஒரே தொனியில் வந்து விழுகின்றன. சினம் தணியும் இடம் ஒன்று இருந்தாலன்றோ சினத்தின் அளவு தெரியும்? முதன்முயற்சியின் வேகம் இக்குறைக்கு ஓரளவு சமாதானம் ஆகலாம்.

இவற்றினும் பெரிய வினா மொழியைப் பற்றியது. பாடல்களின் மொழி ஆங்கிலம். அதனோடு கலப்பது வடமொழி. தமிழ் எங்கே? 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய காலத்து வாதம் சிராங்கூன் சாலைக்கும் வந்து சேர்கிறது. இசைக்கு மொழியில்லை என்றனர் அன்று ஒரு சாரார். பாடுபவன் நெஞ்சுக்கு மொழியுண்டு என்றனர் மறுசாரார். இரண்டாம் தரப்பே வலிமையுடைத்து. இக்குழுவின் அடுத்த தொகுப்பு 2001இல் 'தி ஆரியன் குருசேட்' என்னும் பெயரோடு வந்தது. 'ஆரிய' என்பதற்கு வடமொழியில் 'மேன்மை' என்ற பொருளுண்டெனினும், திராவிட இயக்க வரலாற்றை அறிந்த தமிழர்க்கும், இட்லரின் கொடுமையை அறிந்த உலகினர்க்கும் அச்சொல் நெருடவே செய்யும். பெயரிட்டோர் இதனை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

எனினும், பழியை இளைஞர் தலையில் மட்டும் சுமத்துவது முறையாகாது. தமிழ்வழிக் கல்வி அளித்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. பத்தாண்டு கழித்துக் கிட்டாரை ஏந்திய தலைமுறைக்குத் தமிழ் பள்ளியில் ஒரு பாடம் மட்டுமே. உடலின் நிலையாமையைப் பட்டினத்தாரைப்போல் அஞ்சாது பாடியவர் எவர்? சாவைப் பாட விழையும் எந்த மெட்டல் இசைஞனுக்கும் அவர் ஏற்ற துணை. அவரைப் பொருள் எழுதி மதிப்பெண் பெறும் செய்யுளாகவே தமிழாசிரியர் உலகம் காட்டியிருக்குமாயின், ஓர் இளைஞன் அவரைத் தன் மேடைக்கு அழைக்காததில் வியப்பென்ன? தமிழ் வகுப்பறையில் கிட்டாத தத்துவத்தை அவன் ஆங்கிலத்தின் வழியும் வடமொழியின் வழியும் தேடிச் சென்றிருக்கின்றான். தேடல் உண்மையானது என்பதற்கு, 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வந்த 'பிரம்மவித்யா' தொகுப்புகளே சான்று.

இசைக்கல்வி அறிஞர் யூஜின் தைரியநாதன், சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலோடு இக்குழுவின் இசையை இணைத்து ஆராய்ந்து, 2009இல் ஓர் ஆய்விதழில் விரிவாக எழுதினார். அவ்வாய்வுரையும் ஆங்கிலத்திலேயே உள்ளது.