பிறர் நூலைத் திருத்தும் உரிமை

ஒருவர் பேணிவரும் நூலில் பிழை காணும் மற்றொருவர் அதனைத் தாமே திருத்தலாமா, அன்றிப் பேணுபவரிடம் கூறிவிட்டுக் காத்திருத்தல் வேண்டுமா என்னும் வினா தமிழ்ப் புலமை உலகிற்குப் புதியதன்று. ஏடு எழுதினோரும் உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் தத்தம் காலத்தில் இதனை எதிர்கொண்டனர். இந்நாளில் அதே வினா கணினி மென்பொருள் ஆக்குவோரிடையே எழுந்துள்ளது. அவர்கள் வகுத்துக்கொண்ட முறையைத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் தமிழாசிரியர்க்குப் பயன் தருவதாகும்.

கம்பராமாயணம் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களோடு வழங்கி வந்துள்ளது. அவற்றுள் பிறர் பாடிச் செருகியவை உள என்பதை அறிஞர் பலரும் உடன்படுவர். வெள்ளியம்பலத் தம்பிரான் என்பார் பாடிச் சேர்த்தனர் என்ற செவிவழிச் செய்தியால், இடைச்செருகல்களுக்கு 'வெள்ளிப் பாடல்கள்' என்றே பெயர் வழங்கலாயிற்று. அச்செய்தியின் மெய்ம்மை எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. செருகியவர் எவராயினும் தம் கை பட்ட இடம் இதுவெனக் காட்டிச் சென்றாரல்லர். பிற்காலத்தார் படும் இடருக்கெல்லாம் காரணம் இதுவே.

இவ்விடரைத் தீர்க்க முனைந்தவருள் ஒருவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். குற்றாலத்திலும் திருநெல்வேலி வட்டத்தொட்டியிலும் அவர் கம்பனைப் பாடிக் காட்டிய நயத்தால், புலவர் கூட்டத்துள் அடங்கிக் கிடந்த காவியம் பொதுமக்கள் செவிக்கு எட்டியது. இத்தொண்டினை மறுப்பார் இலர். ஆயினும் ஓசையும் உணர்ச்சியும் குன்றிய பாடல்கள் கம்பனுடையன அல்ல என அவர் தள்ளினார். தம் செவிக்கு ஒவ்வாத சொற்களை மாற்றியும் அமைத்தார். பழைய பாடம் இன்னது, தாம் மாற்றியது இன்னது என இடந்தோறும் பிரித்துக் காட்டுவதை அவர் தம் பணியாகக் கொள்ளவில்லை. புலவர் பலர் அவரை எதிர்த்ததன் நியாயம் இங்கேதான் உள்ளது. வெள்ளிப் பாடலை விலக்கப் புகுந்தவரும் வெள்ளிப் பாடல் பாடினவரின் முறையையே பின்பற்றினால், படிப்பவன் கையில் எஞ்சுவது யாருடைய கம்பன்?

இதற்கு மாறான நெறி உ. வே. சாமிநாதையருடையது. 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணி முதலாக, 1894இல் வெளிவந்த புறநானூறு உள்ளிட்ட பதிப்புகளில் அவர் ஏடு பலவற்றை ஒப்பிட்டார். ஒன்றைப் பாடமாகக் கொண்டு ஏனையவற்றைப் பிரதிபேதமாக அடிக்குறிப்பில் வைத்தார். அவர் தேர்ந்த பாடம் பிழையெனத் தோன்றுமிடத்தும், அதனை மறுத்தற்குரிய சான்றை அவரது பதிப்பே தருகின்றது. இது முற்றிலும் புதிய நெறியுமன்று. பரிமேலழகரும் தாம் கொள்ளாத பாடத்தை எடுத்துக் கூறிய பின்னரே விலக்குவார்.

இனி மென்பொருள் உலகை நோக்குவோம். மூல வரிகளை எவரும் படிக்கவும் திருத்தவும் இடமளிக்கும் மென்பொருளைத் திறமூலம் என்பர். 1993இல் தொடங்கிய டெபியன் என்னும் திட்டத்தில் பல்லாயிரம் மென்பொருள்கள் தனித்தனிப் பொதிகளாகத் தொகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பொதியையும் பேண ஒருவரோ ஒரு குழுவோ உண்டு. பேணுபவர் நோயுறலாம், பணி மிகுதியால் வாளாவிருக்கலாம். அப்பொழுது திட்டத்தின் வேறோர் உறுப்பினர் அப்பொதியைத் திருத்தி வெளியிட விதி இடந்தருகின்றது.

அவ்விடம் வரம்பற்றதன்று. திருத்தம் உண்மைப் பிழையைக் களைவதாய், இயன்றவரை சிறியதாய் இருத்தல் வேண்டும். மாற்றிய வரிகள் பேணுபவருக்கு அனுப்பப்படும். அவர் தடை கூறக் கால இடைவெளியும் பெரும்பாலும் தரப்படும். பொதியின் பதிப்பெண்ணே அது பிறர் கைபட்டது என அறிவிக்கும். தோற்றத்தை அழகுபடுத்தவோ அமைப்புப் பாணியை மாற்றவோ இவ்வுரிமையைப் பயன்படுத்துதல் தகாது என அறிவுறுத்தப்படுகின்றது. ரசிகமணியின் பதிப்பை இவ்விதிகளால் அளந்தால், பிழை நீக்குதலும் சுவை நோக்கி மாற்றுதலும் அங்கே ஒன்றாய்க் கலந்துவிட்டமை புலனாகும்.

உரியவரன்றிப் பிறர் தொடாமையே காவல் என்பார் உளர். அக்காவல் போதாது என்பதற்கு அதே டெபியனில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையச் செய்திகளை மறைகுறியாக்கும் மென்பொருள். 2006இல் டெபியனில் அப்பொதியைப் பேணியவர், சோதனைக் கருவி பிழையெனச் சுட்டிய வரிகளை, மூலத்தை ஆக்கியோரிடம் வினவிய பின்னரே நீக்கினார். ஆனால் பொருளற்றதெனத் தோன்றிய அவ்விடத்திலேதான், திறவுகோலைப் பிறர் ஊகிக்க இயலாதவாறு ஆக்கும் ஆற்றல் உறைந்திருந்தது. விளைவாக, ஒரு வகைக் கணினியில் ஒரே அளவுடைய திறவுகோல்கள் 32,768 என்னும் சிறு தொகைக்குள் அடங்கிவிட்டன. 2008ஆம் ஆண்டு மே மாதம் வரை இது வெளிப்படவில்லை. விளங்காத சொல்லைப் பிழையெனக் கருதி எளிய சொல்லால் மாற்றும் பதிப்பாசிரியர்க்கு இதனினும் நல்ல எச்சரிக்கை வேண்டா.

இந்நிகழ்ச்சி கற்பிப்பன இரண்டு. பேணுபவர் என்னும் பெயர் பிழையினின்று காப்பதில்லை. இன்ன நாளில் இன்ன வரி நீக்கப்பட்டது என்னும் பதிவு இருந்தமையால் பழைய பாடத்தை மீட்க முடிந்தது. எனினும் அப்பதிவைக் கூர்ந்து படிப்பார் இல்லாமையால் இரண்டாண்டுகள் வீணே கழிந்தன. அடிக்குறிப்பு இருந்தால் மட்டும் போதாது; அதனைப் படிப்பவரும் வேண்டும்.

இங்கேதான் தமிழாசிரியர் கடமை பிறக்கின்றது. இன்று பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பாடலொன்றை வகுப்பிற்கு எடுக்க வேண்டின், பெரும்பாலும் இணையத்தையே நாடுவார். அங்குள்ள படிகள் பல, தட்டச்சுப் பிழைகளோடு ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. பிழையைத் தம் கைப்படியில் மட்டும் திருத்திக்கொண்டால் அவர் மாணவர் பிழைப்பர்; அடுத்த பள்ளி மாணவர்க்குப் பழைய பிழையே கிடைக்கும். தமிழ் விக்கிமூலத்தில் அச்சு நூலின் படத்தை அருகில் வைத்து எவரும் மெய்ப்புத் திருத்தலாம். ஒருவர் திருத்திய பக்கத்தை மற்றொருவர் ஒப்பிட்ட பின்னரே அது சரிபார்க்கப்பட்டதாகக் கொள்ளப்படும். ஒவ்வொரு மாற்றமும் நாளோடு பதிவாகும். தவறாயின் முன்னைய நிலைக்கு மீட்கலாம். சாமிநாதையரின் அடிக்குறிப்பு நெறியே புதிய வடிவில் அங்கே நிற்கின்றது எனலாம்.

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசான் முன்னர் அரங்கேறியது எனப் பனம்பாரனார் பாயிரம் கூறும். நூல் செய்தவர் அவைக்கு அஞ்சவில்லை; அவையும் ஆராயாது ஏற்கவில்லை. திருத்துவோர் தம் கையை மறையாமல் காட்டுக. கற்றோர் அதனை ஆராய்ந்து கொள்க. இவ்விரண்டும் உள்ளவிடத்துப் பிறர் நூலைத் திருத்தும் உரிமையை எவர்க்கும் அளிக்கலாம். இவற்றுள் ஒன்று குறையினும், நூலுக்கு உரியவர் செய்யும் திருத்தமும் வெள்ளிப் பாடலாகவே முடியும்.