84 நாளும் ஒரு முள்ளும்

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' (1952) பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் சாந்தியாகோவுக்கு 84 நாள் மீன் படாததைத் துரதிர்ஷ்டம்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவன் தூண்டிலைப் பாருங்க. 100, 125 பாகம் ஆழத்தில் இறங்கும் முள்ளின் தண்டு ஒரு முழுச் சூரைக்குள்ளே. வெளியே தெரியும் வளைவையும் கூரையும் மத்தி மீன்கள் மூடியிருக்கும். சின்ன மீன் கொத்தலாம், மாட்டாது.

எந்த மீன் வேண்டாம் என்பது முள் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. 10ஆம் எண் முள்ளைவிட 6 பெரிசு. 1/0க்கு மேலே எண் ஏற ஏற முள்ளும் பெரிசு. திரேஸ்புரத்திலிருந்து வள்ளத்தில் போகிறவர் பெரிய களவாவுக்கான முள்ளை மட்டும் கட்டினால், அன்றாடச் செலவுக்கான சின்ன மீன் இரையைக் கடித்துவிட்டுப் போயிடும். அது விதி இல்லை, கணக்கு.

அதே கடலில், பையன் மாறிப்போன படகு முதல் வாரமே மூன்று நல்ல மீன் பிடிக்கிறது. கிழவனோ சிறு தூண்டிலில் பத்து பவுண்டுச் சூரை பட்டதும் அதை இரையாகத்தான் பார்க்கிறான்.

இதனால் நாவல் சிறுத்துப்போகாது. பெரிய முள்ளை அவன் தேர்ந்தான். சோறு கொண்டுவந்தது பையன். அந்தக் கடனையும் சேர்த்துப் படிக்கணும்.