மறந்தவனும் மறவாதவளும்

அரியது என்பதனாலேயே ஒரு பொருளைத் தேடிச் சேர்ப்பார் உளர். பலகால் நுகர்தற்குரியது என்பதனாற் சேர்ப்பாரும் உளர். மக்ஸ் ஒபுல்ஸ் நெறிப்படுத்தி 1948 இல் ஹொலிவூட்டில் வெளிவந்த ‘முன்பின் அறியாத பெண்ணொருத்தியின் கடிதம்’ என்னும் திரைப்படம் பின்னவர்க்கே உரியது. வெளிவந்த காலத்தில் அமெரிக்காவில் அது வருவாய் தரவில்லை. பெண்களை அழவைக்கும் படங்களுள் ஒன்றென்று தள்ளப்பட்டது. 1992 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம் பெற்றது.

மூலக்கதை ஸ்ரெபான் ஸ்வைக் எழுதியது. ஸ்வைக் தாமே பெயர்பெற்ற சேகரிப்பாளர்; இசை மேதைகளின் கையெழுத்துப் படிகளைத் தேடித் தொகுத்தவர். அவர் தொகுத்தவற்றுட் பல 1986 முதல் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. கையெழுத்தின் அருமை அறிந்தவர் ஒரு கடிதத்தையே கதைக்கு உயிராக்கியது பொருத்தமே. 1942 இல் மறைந்த அவர் இப்படத்தைக் கண்டாரல்லர்.

1900 அளவிலான வியன்னாவில், அயலில் வாழும் பியானோக் கலைஞனை லீசா என்னும் சிறுமி காதலிக்கிறாள். பின்னர் ஓரிரவு அவனோடு கூடுகிறாள், அவனோ மறந்துவிடுகிறான். ஆண்டுகள் கழிந்து மீண்டும் சந்திக்கும்போதும் அவளை இன்னாளென அறிகின்றிலன். வெறுங் கைக்கிளை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். முதன்முறை பார்ப்பவர் அவ்வாறு ஒதுக்கினால் அவர்மேற் குற்றமில்லை.

இரண்டாம் முறை பார்ப்பவர்க்கே படம் தன்னைத் திறந்து காட்டுகின்றது. மாடிப்படியின் உச்சியில் நின்று, அவன் வேறொருத்தியோடு வருவதை லீசா காண்கிறாள். பின்னொருநாள் அவளே அவனோடு அப்படியேறி வருகையில், கமெரா முன்பு நின்ற அதே இடத்தில் நிற்கின்றது. பார்த்திருந்த சிறுமிதான் அங்கில்லை. வந்தவள் பலருள் ஒருத்தியே என்பதை வசனமின்றி உணர்த்தும் காட்சி இது. புகையிரத நிலையத்தில் ‘இரண்டு வாரம்’ என்று சொல்லிப் பிரிந்தவன் திரும்பவில்லை. அதே சொல்லைச் சொல்லிப் புகையிரதமேறும் அவர்கள் மகன் ரைபசு நோயால் இறக்கிறான். முடிவறியாதவர் செவியில் முதற் பிரிவின்போது அச்சொல் உறைப்பதில்லை.

நாயகனுக்கு இறுதியில் நினைவு திரும்புவது மூலக்கதையில் இல்லை. அங்கு மங்கிய நிழலொன்றே தோன்றி மறையும். ஹொலிவூட்டுக்காகச் செய்த இளக்கம் இதுவெனச் சொல்லலாம். ஆயினும் இங்கு நினைவு அவனுக்கு ஆறுதலன்று. தப்பியோட இருந்தவன் கடிதத்தைப் படித்தபின் துவந்த யுத்தத்துக்குச் செல்கிறான். அவள் பெயரை அவனுக்கு எழுதிக் கொடுப்பவன், இத்தனை காலமும் அவளை மறவாதிருந்த ஊமை வேலைக்காரன்.