ஒடிசியில் 'ஹெமெரிஸ்': ஓர் அருஞ்சொல்லும் அதன் இடமும்

ஹோமரின் காப்பியங்களில் திராட்சைக்கொடியைச் சுட்டும் பொதுச்சொல் 'அம்பெலோஸ்' என்பதாகும். 'ஹெமெரிஸ்' என்னும் சொல்லோ ஒடிசியின் ஐந்தாம் காண்டத்து 69-ஆம் அடியில் ஒரே ஒருமுறை பயில்கிறது. இலியத்தில் அது காணப்படவில்லை. அகராதிகள் 'பயிரிடப்பட்ட திராட்சைக்கொடி' எனப் பொருளுரைத்து அமைகின்றன. மொழிபெயர்ப்பாளர் பலர் அந்த அடையையும் விடுத்து 'கொடி' என்றே எழுதிச் செல்வர். புச்சரும் லாங்கும் 1879-இல் வெளியிட்ட ஆங்கில உரைநடைப் பெயர்ப்பு 'தோட்டக்கொடி' என்று அப்பொருளைக் காத்தது. 1919-இல் மர்ரேயும் 'தோட்டக்கொடி' என்றே பெயர்த்தார்.  

இச்சொல் 'ஹெமெரோஸ்' என்னும் பெயரடையின் அடியாகப் பிறந்தது. பழக்கப்பட்டது, மனைக்குரியது, காட்டுத்தன்மை நீங்கியது என்பன அதன் பொருள்கள். ஆதலின் ஹெமெரிஸ் அடிப்படையில் ஒரு தாவரத்தின் பெயரன்று. தன்மையால் வந்த பெயர். தியோபிராஸ்டஸ் தம் தாவர நூலில் ஈடா மலையின் ஓக் மரவகை ஒன்றை இதே பெயரால் குறிப்பது இதற்குச் சான்று. கி.மு. 425-இல் அரங்கேறிய அரிஸ்டோபனீசின் 'அகார்னியர்' நாடகத்தில், அமைதி திரும்பியபின் நடவேண்டியவற்றைக் குழுவினர் அடுக்குமிடத்தில் 'அம்பெலிஸ்' முதலிலும் 'ஹெமெரிஸ்' மூன்றாவதாகவும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. இரண்டும் முற்றிலும் ஒருபொருட் கிளவிகளாயின் அவ்வெண்ணுமுறை பொருந்தாது.

இனி, சொல் நிற்கும் இடம் நோக்கத்தக்கது. காலிப்சோவின் குகையைச் சூழ்ந்து ஆல்டர், பாப்லர், சைப்ரஸ் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. ஆந்தையும் பருந்தும் கடற்காகமும் அவற்றில் தங்குகின்றன. நான்கு ஊற்றுகள் பாய்கின்றன. முழுவதும் காடு, அதன் நடுவே குகையைச் சுற்றிப் படர்ந்து குலைகள் தொங்க நிற்கும் கொடி ஒன்றுமட்டும் 'பழக்கப்பட்டது' எனப்படுகிறது. பழக்கியவர் யார்? காப்பியம் கூறவில்லை. காலிப்சோ உள்ளே பொன் நாடாவால் நெய்து பாடிக்கொண்டிருக்கிறாள். உழுவாரோ கவாத்துச் செய்வாரோ அத்தீவில் காட்டப்படவில்லை. ஏழாம் காண்டத்தில் அல்கினோசின் திராட்சைத் தோட்டத்தில் காய்தல், பறித்தல், மிதித்தல் எனத் தொழில்கள் நிரல்படக் கூறப்படுகின்றன. ஒன்பதாம் காண்டத்தில் சைக்ளோப்ஸ் நாட்டில் உழவின்றியே மழையால் விளையும் கொடிகளுக்கு அம்பெலோஸ் என்ற பொதுச்சொல்லே ஆளப்படுகிறது. உழைப்பின்றி விளைந்தும் 'பழக்கப்பட்டது' என்ற பெயர் பெறுவது காலிப்சோவின் கொடி ஒன்றே.

யாப்பு நோக்கி இச்சொல் வந்தது எனச் சிலர் கருதக்கூடும். அக்கருத்து நிலைபெறாது. அடியின் முதலில் நெடில், குறில், குறில் என நிற்கும் ஹெமெரிஸ் இருந்த இடத்தில் அதே அளவுடைய அம்பெலோசை வைப்பினும் யாப்பு சிதையாது. அடுத்த சொல்லாகிய 'ஹெபோஓசா' என்பதனோடு அமையும் மோனை ஒரு காரணமாகலாம்; இதனை மறுப்பதற்கில்லை. ஆயின் அம்மோனையே பொருளையும் இறுக்குகிறது. 'ஹெபோஓசா' என்பது இளமைப்பருவத்தில் நிற்பது எனப் பொருள்படும். பழக்கமும் மாறா இளமையும் ஒரு கொடியில் இணைகின்றன. அதே காண்டத்தில், ஒடிசியசை இறப்பும் மூப்பும் இல்லாதவனாக்க எண்ணியதாகக் காலிப்சோ ஹெர்மீசிடம் கூறுகிறாள். அவளிடம் தங்கினால் ஒடிசியஸ் என்னவாகக்கூடும் என்பதைக் கொடி முன்னரே காட்டிவிடுகிறது. அவனோ கரையில் அமர்ந்து கடலை நோக்கி அழுதுகொண்டிருக்கிறான்.

ஹெமெரோஸ் என்னும் பெயரடையும் ஹோமரில் ஒருமுறையே வருவது இக்கருத்துக்கு வலிமை சேர்க்கிறது. பதினைந்தாம் காண்டத்தில் (அடி 162) கழுகு ஒன்று முற்றத்து வளர்ப்பு வாத்தைக் கவர்ந்து பறக்கிறது. மலையினின்று வந்த கழுகை ஒடிசியசாகக் கொண்டு, அவன் திரும்பிவந்து பழிதீர்ப்பான் என ஹெலன் நிமித்தம் உரைக்கிறாள். பழக்கப்பட்டது அங்கே இரை. ஒடிசியஸ் அதற்கு எதிர்ப்புறம். ஒரே வேர் இருமுறை வந்தமை தற்செயலாகலாம். எனினும் இரண்டிடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பார்க்கு அது தற்செயலாகத் தோன்றுவது அரிது.

தமிழில் பெயர்ப்போர்க்கு இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழ் வழக்கில் அடை பெறுவது பெரும்பாலும் காட்டினமே: காட்டுமல்லிகை, காட்டுக்கோழி. வீட்டினம் அடையின்றி நிற்கும். 'திராட்சை' என்றதும் தோட்டப்பயிரே நினைவுக்கு வருதலின், பழக்கப்பட்ட தன்மை மறைந்துபோகிறது. 'பயிரிடப்பட்ட திராட்சை' என்பதோ வேளாண்மைக் குறிப்புப்போல் ஒலிக்கும். சங்க இலக்கியம் இதற்கு நல்ல வழி காட்டுகிறது. ஐங்குறுநூற்றின் 11-ஆம் பாடலில் மனையில் நட்ட வயலைக்கொடி புறத்தே சென்று வேழத்தைச் சுற்றுகிறது. மனையில் நடப்பட்டது என்ற அடை இன்றேல் தலைவனின் புறத்தொழுக்கத்தைச் சுட்டும் உள்ளுறையே இல்லை. அடையொன்றில் பொருள் தங்குவதை இவ்வாறு கேட்டுப் பழகிய செவிக்கு 'மனைத்திராட்சை' என்னும் ஆக்கம் அந்நியமாகாது. மனையல்லாத குகைவாயிலில் 'மனை' என்ற சொல் சற்றே உறுத்தும். கிரேக்க அடியிலும் அந்த உறுத்தல் உள்ளது.