அடிமையின் பேத்தி எழுதிய ஏடு

சமையற் குறிப்பு நூலுக்குத் திறனாய்வா, இலக்கியப் பக்கத்தில் அடுப்புப் புகையா என்று முகம் சுளிக்கும் தோழர்கள் சற்றே பொறுத்திடுக! உண்டு களித்தோரின் பெருமை பேசும் ஏடுகள் உலகில் மலையெனக் குவிந்து கிடக்கின்றன. சமைத்த கையின் பெயர் தாங்கிய ஏடுகள் எத்தனை? அமெரிக்க நாட்டில் இக்கேள்வியோடு தேடப் புகுவோர் 1976ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு நூலின் முன் வந்து நிற்பர். 'தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்' என்பது அதன் பெயர். நாட்டுப்புறச் சமையலின் சுவை எனலாம். எழுதியவர் எட்னா லூயிஸ் அம்மையார். 1916இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்து 2006இல் மறைந்த கறுப்பினப் பெண்மணி, தொழிலால் சமையற்கலைஞர்.

வர்ஜீனியா என்றதும் வரலாறு அறிந்தோர்க்கு தாமஸ் ஜெஃபர்சன் நினைவுக்கு வருவார். மாந்தர் யாவரும் சமம் என்று 1776இல் அறிக்கை தீட்டிய அதே பெருமகன், தம் அடிமை ஜேம்ஸ் ஹெமிங்ஸை 1784இல் பாரிசுக்கு அழைத்துச் சென்று பிரெஞ்சுச் சமையல் கற்பித்தார். கற்றவனுக்கு விடுதலை கிடைத்தது 1796இல்தான். அதுவும் எப்படி? தன் தம்பிக்கு அத்தொழிலைக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்! சமத்துவ அறிக்கை எழுதிய கைக்கு, சமையற்கட்டில் அடிமை இல்லாமல் ஒருநாளும் ஓடவில்லை. 1824இல் அதே மாநிலத்தைச் சேர்ந்த மேரி ராண்டால்ஃப் என்னும் வெள்ளைச் சீமாட்டி புகழ்பெற்ற சமையல் நூலொன்றை வெளியிட்டார். அதில் வெண்டைக்காய்ப் பக்குவம் உண்டு. வெண்டைக்காய் எந்தக் கண்டத்திலிருந்து எந்த மக்களோடு கடல் கடந்தது? அட்டையில் அம்மக்களின் பெயர் இல்லை.

பெயரே இல்லாமற் போனது ஒருபுறம். பொய்ப்பெயர் சூட்டப்பட்டது மறுபுறம். தலைத்துணி கட்டிச் சிரிக்கும் கறுப்புப் பணிப்பெண்ணின் உருவை 'ஆன்ட் ஜெமைமா' என்ற பெயரில் மாவுப் பொட்டலத்தின் மீது 1889 முதல் விற்று வந்தது ஒரு வணிகம். 'அத்தை' என்றது அன்பினால் அன்று. 'திருமதி' என்றழைக்க வெள்ளையரின் நா எழாமையால். அப்பெயர் கைவிடப்பட்டது 2021இல் என்றால், வியப்பதா, வெட்குவதா? இந்தப் பின்னணியில்தான் எட்னா அம்மையாரை எல்லாரும் 'மிஸ் லூயிஸ்' என்றே அழைத்தனர் என்ற சிறு செய்தி பெரிதாகிறது.

அவர் பிறந்த ஊர் ஃபிரீடவுன். விடுதலை பெற்ற அடிமைகள் தாமே நிறுவித் தாமே பெயரிட்ட ஊர். நிறுவியவர்களுள் ஒருவர் அம்மையாரின் பாட்டனார்; ஊரின் முதற் பள்ளி நடந்தது அவர் வீட்டுக் கூடத்தில். பாட்டியாரோ, அடிமையாக இருந்த நாளில் 950 டாலர் விலைக்கு வாங்கப்பட்டு, செங்கல் வேலையில் வருத்தப்பட்டவர். பெற்ற குழந்தைகளைத் தொட்டிலில் விட்டுவிட்டு, நாள் முழுதும் பிறர் வீட்டுச் சுவரை எழுப்பியவர். சமையல் நூலின் முன்னுரையில் இந்த விலையை எழுதி வைக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்!

அம்மையாரின் தொழில் வாழ்வு நேர்கோட்டில் செல்லவில்லை. பதினாறு வயதில் ஊரை விட்டு வாஷிங்டனுக்கும், பின் நியூயார்க்குக்கும் சென்றார். சலவைக்கடையில் துணி தேய்க்கும் வேலை மூன்று மணி நேரத்தில் போயிற்று. தையல் கைகொடுத்தது, பொதுவுடைமை ஏடான 'டெய்லி வொர்க்க'ரிலும் பணி செய்தார். 1940களின் இறுதியில் மான்ஹாட்டனில் 'கஃபே நிக்கல்சன்' தொடங்கியபோது அடுப்பங்கரை அவர் பொறுப்பாயிற்று. ஃபாக்னரும் டென்னசி வில்லியம்சும் அங்கு வந்து உண்டனர். அவர் செய்த சாக்லெட் சூஃப்லே பேச்சாயிற்று. பின்னர் ஒரு பறவைப் பண்ணை; பறவைகள் நோயில் மடிந்தன. எழுபதைக் கடந்த பின்னும் புரூக்ளின் உணவகமொன்றில் நின்று சமைத்தார். புகழ் வந்ததே தவிர, ஓய்வு எளிதில் வரவில்லை.

முதல் நூல் 1972இல் வந்தது. அதில் அம்மையாரின் குரல் கேட்கவில்லை என்று கண்டவர் ஜூடித் ஜோன்ஸ் என்னும் பதிப்பாசிரியர்; ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைக் கழித்துப் போட்ட கட்டிலிருந்து மீட்டெடுத்த அதே அம்மையார்! பேசுவது போலவே எழுதுக என்றார். எழுதியதுதான் 1976ஆம் ஆண்டு நூல்.

பருவத்தால் வகுக்கப்பட்டது அந்நூல். இளவேனிலில் ஆட்டு மயிர் கத்தரித்த நாளின் உணவு, கோடையில் கோதுமை அறுவடைக்கு வந்த அண்டையார்க்கு நடுப்பகல் விருந்து, பன்றியறுத்த மறுநாட் காலைச் சாப்பாடு. உழைப்பு முதலில் வருகிறது, உணவு பின்னால் வருகிறது. அளவுக் கரண்டி இல்லாத வீட்டில் பேக்கிங் பவுடரை நாணயத்தின் மீது வைத்து அளந்தார்களாம். கேக் வெந்ததா என்பதைக் காதை வைத்துக் கேட்டறியச் சொல்கிறார்: கொதிப்பொலி உரக்கக் கேட்டால் இன்னும் வேகவில்லை. ஏட்டறிவு இல்லாதார் என்று எள்ளப்பட்ட மக்களின் செய்முறை அறிவு இது. சோதித்துப் பார்த்துத் தேறியது.

இலையுதிர் காலப் பகுதியில் 'விடுதலை நாள் விருந்து' வருகிறது. நாடு முழுதும் கொண்டாடும் நன்றி நவிலும் நாளை ஃபிரீடவுன் மக்கள் பெரிதாகக் கொள்ளவில்லை. அடிமைத்தளை அறுந்த நாளே அவர்களுக்குத் திருநாள். அன்றைய பந்தியில் கினிக்கோழி. அதுவும் ஆப்பிரிக்காவின் பறவை.

குறை இல்லையா? உண்டு. அம்மையாரின் இளமையில் வர்ஜீனியாவில் பள்ளி வேறு, இருக்கை வேறு. கலப்புமணத்துக்கு 1967 வரை சட்டத் தடை. அந்தக் கொடுமையின் நிழல் நூலில் மிகச் சிறிதே விழுகிறது. மாதாகோயிற் கூட்ட வாரத்தை அவர் வருணிக்கையில், பந்தியின் மீது செல்லும் கண் போதகர் மீது செல்வதில்லை என்பது நமக்கு ஆறுதல். ஆனால் விடியுமுன் எழுந்து இத்தனையும் ஆக்கிய தாயாரின் முதுகு வலித்ததா என்று எங்கேனும் கேட்டிருக்கலாம். பாசம் அந்தக் கேள்வியை மூடிவிட்டது. சுவையை மட்டும் சொல்லிச் சுடுகாயத்தை மறைத்தார் என்று குற்றம் சாட்டுவோரும் இருக்கலாம். அங்கே நான் உடன்படேன். இழிந்தோர் என்று பழிக்கப்பட்ட ஊர், தான் நிலம் திருத்தி, பள்ளி நடத்தி, நிறைவாய் உண்டு வாழ்ந்ததென்று சான்று கூறுவது பழித்தவனுக்கு எதிரான வழக்குரையே.

2014இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் முகத்தைத் தலையில் பொறித்தது. முகம் பதிந்த தலையை ஒட்டுவோர்க்கு 950 டாலர் தெரியாது. நூலை எடுப்போர் பக்குவத்தைத் தேடி நடுப்பக்கத்துக்குத் தாவ வேண்டா, முன்னுரையிலிருந்து தொடங்குக.