சிறார் இசையரங்கும் பெற்றோர் கடமையும்

குழலினும் யாழினும் மழலையே இனிதெனக் கண்டவர் வள்ளுவர். அம்மழலை பேசும் குழந்தையையே குழலும் யாழும் கேட்க அழைத்துச் செல்லும் பெற்றோரின் நிலை யாது? குழந்தை அசையும், பேசும், பாதியில் எழுந்து நிற்கும். பெற்றோர் வாயில் விரல் வைத்து அடக்குவர். அரங்கை விட்டு வெளிவரும்போது இரு சாராரும் களைத்திருப்பர். பிழை குழந்தையிடமா, பெற்றோரிடமா, மேடையிலா? சிறார் இசையரங்கைத் திறனாயப் புகுவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா இதுவேயாகும்.

சிறார்க்கென ஆக்கப்பட்ட இசைப் படைப்புகளுள் தலையாயது 'பீட்டரும் ஓநாயும்' எனலாம். மாஸ்கோவில் சிறுவர் நாடக அரங்கை நடத்திய நத்தாலியா சாட்ஸ் அம்மையாரின் வேண்டுகோளுக்கிணங்கி, உருசிய இசைமேதை செர்கேய் புரோகோபியெவ் 1936இல் இதனை இயற்றினார். ஏறத்தாழ 25 நிமிடங்களில் நிறைவுறும் சிறு படைப்பு. ஒருவர் கதை சொல்ல, இசைக்குழு அதனை நடத்திச் செல்கிறது. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், பாட்டனாருக்குப் பஸூன், ஓநாய்க்கு மூன்று கொம்புகள், சிறுவன் பீட்டருக்கு நரம்புக் கருவிகள் எனப் பாத்திரந்தோறும் தனி ஒலியும் தனி மெட்டும் உண்டு. கதை தொடங்குமுன்பே இவை குழந்தைகட்கு அறிமுகம் செய்யப்படுகின்றன.

இதனைக் கருவிகளின் பெயர்களைக் கற்பிக்கும் பாடம் என்று மட்டும் கொள்வது குறைமதிப்பீடே. ஓநாய் வாத்தை விழுங்கிய பின்னர், ஓபோ வாத்தின் மெட்டைத் துயரம் தோய இசைக்கிறது. என் மகள் ஏழு வயதினளாக இருந்தபோது, தலைநகரில் நடந்த குடும்ப இசையரங்கொன்றில் இவ்விடத்தில், "அப்பா, வாத்தைத்தான் ஓநாய் விழுங்கிவிட்டதே! அந்தக் குழல் ஏன் இன்னும் ஊதுகிறது?" என்று காதோடு கேட்டாள். "பொறுத்துக் கேள்" என்றேன். விடை கதையின் இறுதியில் இருக்கிறது. ஓநாயைக் கட்டி விலங்குக் காட்சிச்சாலைக்கு இட்டுச் செல்லும் ஊர்வலத்தின்போது, அதன் வயிற்றுக்குள்ளிருந்து வாத்தின் குரல் எழுகிறது. அவசரத்தில் ஓநாய் அதனை உயிரோடு விழுங்கியிருந்தது! கண்ணுக்கு மறைந்ததைச் செவி அறிந்துகொள்கிறது. அவ்வினா ஒரு குழந்தையின் உள்ளத்தில் எழுவதே படைப்பாளியின் வெற்றியாகும்.

அதே அரங்கில் முன்வரிசைத் தந்தையொருவர், "அதோ வாத்து, இதோ பூனை" என்று ஓயாது சுட்டிக்கொண்டிருந்தார். அன்புதான், ஆயினும் குழந்தை தானே கண்டடைய வேண்டிய மகிழ்ச்சியை அவ்வன்பு பறித்துவிடுகிறது. இசை நிகழும்போதே வண்ணப்படங்களைத் திரையில் ஓடவிடுவதும் இத்தகையதே. கண்ணுக்கு விருந்து படைத்தால் செவி உறங்கிவிடும். லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவினரோடு இளையோர்க்கான இசையரங்குகளை நடத்தினார். எளிய பேச்சு, ஒரு பியானோ, முழு இசைக்குழு ஆகியவற்றைக் கொண்டே கடினமான இசைக் கருத்துகளையும் சிறுவர்க்கு விளக்கினார். சிறுவரின் அறிவை மதித்தமையே அவர்தம் சிறப்பு.

இனி நம் நிலையை நோக்குவோம். கோயில் திருவிழாவில் நாகசுரமும் தவிலும் முழங்க, நம் பிள்ளைகள் கூட்டத்தில் நிற்கின்றனர். அது என்ன கருவி, ஏன் அவ்வாறு ஒலிக்கிறது என்று சொல்வாரிலர். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு அழைத்துச் சென்று, "சும்மா இரு" என்பதே நாம் தரும் ஒரே இசைப்பயிற்சி. அதற்கு அஞ்சிய பெற்றோர், பெரியோரின் காதற்பாடல்களைப் பிள்ளைகள் பாடும் திரையிசைப் போட்டியோடு அமைகின்றனர். பிறகு, இளைய தலைமுறைக்குத் தமிழிசையில் நாட்டமில்லை என வருந்துகின்றோம்!

வேண்டுவது மாளிகை அன்று. அரைமணி நேரக் கதையொன்று, வீணை, குழல், மிருதங்கம், நாகசுரம் ஆகியவற்றை வாசிக்க நால்வர், நன்கு கதை சொல்லும் ஆசிரியர் ஒருவர், ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபம் ஆகியவை போதும். பிள்ளைகள் தரையில் அமரட்டும், கேட்கட்டும், ஐயம் எழுந்தால் வினவட்டும். பெற்றோர் அருகிருந்து, விடையை அவசரப்பட்டுச் சொல்லாதிருந்தாலே போதும். இசையைச் செவிமடுக்கக் கற்ற குழந்தை பிறர் சொல்லையும் செவிமடுக்கும். எழுத்தாளரும் இசைவாணரும் ஆசிரியரும் கூடி இப்பணியை மேற்கொள்ளல் வேண்டும்.